எக்செல், கூகுள் ஷீட்ஸ், கால்க்: ஃபார்முலா மாறாமல் நின்றால் எது கைகொடுக்கிறது?

ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் புது வசதிகளையும் சார்ட்டுகளையும் பேசிவிட்டு முடிந்துவிடுகின்றன. கணக்கு எழுதுகிறவர்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. திரையில் தெரிகிற தொகை இன்றைய தொகையா, பழைய தொகையா? எரர் வந்தால் கண்ணில் படும், சரிசெய்துவிடலாம். பழைய எண் அப்படியில்லை. அது சரியான எண் போலவே உட்கார்ந்திருக்கும், ஜிஎஸ்டி கணக்கிலும் சம்பளப் பட்டியலிலும் அப்படியே ஏறிவிடும். ஆகவே மைக்ரோசாஃப்ட் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்து மட்டும் இங்கே பார்க்கிறோம்: ஃபார்முலா புதுப்பிக்கப்படாமல் நின்றால் எது நமக்குத் தெரியப்படுத்துகிறது, எதில் சரிசெய்வது சுலபம்?

முதலில் எக்செல். இதன் கணக்கிடும் முறை திறமையானது. எந்த செல் எந்த செல்லைச் சார்ந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரு செல்லை மாற்றினால் அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி கணக்கிடும். லட்சம் வரிசை உள்ள ஃபைல்கூடத் திணறாமல் ஓடுவது இதனால்தான். ஆனால் எக்செல்லின் ஆகப்பெரிய குறையும் இதே பகுதியில்தான் இருக்கிறது. அது மேனுவல் கால்குலேஷன், அதாவது நாம் சொன்னால் மட்டும் மறுபடி கணக்கிடும் முறை.

ஒரு மளிகைக்கடை ஷீட்டை எடுத்துக்கொள்வோம். டி5 செல்லில் 12 மூட்டை அரிசி, இ5 செல்லில் மூட்டை விலை 1,450, எஃப்5 செல்லில் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா. தொகை 17,400. இப்போது டி5 செல்லில் 12 என்பதை 15 ஆக்கினால் 21,750 வர வேண்டும். மேனுவல் முறையில் இருந்தால் 17,400 அப்படியே நிற்கும். ஃபார்முலாவை எஃப்6, எஃப்7 என்று கீழே இழுத்தால் எல்லா வரிசையிலும் அதே 17,400 வரும். இந்த இரண்டாவது அறிகுறியைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், நோய் இதுதான். ஃபார்முலாஸ் டேப், கால்குலேஷன் ஆப்ஷன்ஸ், ஆட்டோமேட்டிக். முடிந்தது.

நாம் கை வைக்காமலேயே இது எப்படி மேனுவலுக்கு மாறியது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எக்செல்லில் இந்த அமைப்பு ஃபைலுக்கு ஃபைல் தனியாகச் செயல்படுவதில்லை. அன்றைக்கு எக்செல்லில் முதலில் திறக்கும் ஃபைல் எந்த முறையில் சேமிக்கப்பட்டதோ, அடுத்தடுத்துத் திறக்கும் எல்லா ஃபைலும் அதே முறைக்குப் போய்விடும். அந்த நிலையில் அவற்றைச் சேமித்தால் மேனுவல் முறை அவற்றிலும் பதிந்துவிடும். பெரிய ஃபைல் மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் மேனுவலில் வைத்து அனுப்புவார். அதைக் காலையில் முதலில் திறந்தவரின் எல்லாக் கணக்கும் நின்றுவிடும். ஜலதோஷம் மாதிரி அலுவலகம் முழுவதும் பரவும். இவ்வளவு பரவலாகப் புழங்கும் மென்பொருளில் இந்த நடத்தையை இத்தனை வருடமாக விட்டுவைத்திருப்பது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து.

மேனுவலுக்கு மாற இன்னொரு வழி மேக்ரோ, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல். வேகத்துக்காக மேக்ரோ எழுதுகிறவர்கள் ஆரம்பத்தில் கணக்கிடுவதை மேனுவலுக்கு மாற்றி, கடைசி வரியில் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புவார்கள். நடுவில் எரர் வந்து மேக்ரோ நின்றால் அந்தக் கடைசி வரி ஓடாது. எரர் வந்தாலும் அந்த வரிக்குப் போகும்படி ஆன் எரர் வைத்து எழுதியிருக்கிறார்களா என்று மேக்ரோ எழுதியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எக்செல் எச்சரிக்காமல் இல்லை. கீழே ஸ்டேட்டஸ் பாரின் இடது ஓரத்தில் கால்குலேட் என்ற ஒரு சொல் சிறியதாக வரும். அந்த இடத்தை யார் பார்க்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் வரும் அண்மைப் பதிப்புகளில் இதற்கு நல்ல தீர்வு வந்திருக்கிறது. மேனுவலில் இருக்கும்போது, இன்னும் கணக்கிடப்படாத எண்களின் குறுக்கே கோடு போட்டுக் காட்டும். பழைய எண் பழையது என்று தன் முகத்திலேயே சொல்லிக்கொள்கிறது. இந்த விஷயத்தில் எக்செல் செய்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய பழைய பதிப்புகளில் இது கிடையாது.

எஃப்9 கீயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதன் நான்கு வடிவங்கள் பலருக்குத் தெரியாது. எஃப்9 மட்டும் அழுத்தினால், திறந்திருக்கும் எல்லா ஃபைல்களிலும் கடைசியாகக் கணக்கிட்ட பிறகு மாறியவை மட்டும் கணக்கிடப்படும். ஷிஃப்ட் + எஃப்9 இப்போது முன்னால் இருக்கும் ஷீட்டுக்கு மட்டும். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் மாறியதோ இல்லையோ எல்லா ஃபார்முலாவும் கணக்கிடப்படும். இதோடு ஷிஃப்டையும் சேர்த்து நான்கு கீயாக அழுத்தினால் அந்தச் சார்புப் பட்டியலையே புதிதாகக் கட்டிவிட்டுக் கணக்கிடும். ஆட்டோமேட்டிக்கில் இருந்தும் ஒரு செல் மட்டும் அடம்பிடித்தால் இந்த நான்கு கீ சேர்க்கைதான் கடைசி மருந்து. பெரிய ஃபைலில் சில நிமிடம்கூட ஆகலாம், சேமித்துவிட்டு அழுத்துங்கள்.

மேனுவல் இல்லையென்று உறுதியான பிறகு சந்தேகப்பட வேண்டியது டெக்ஸ்ட். செல்லில் விடை வராமல் ஃபார்முலாவே எழுத்தாக நின்றால் காரணம் இரண்டு. ஷீட் முழுக்க எல்லா ஃபார்முலாவும் அப்படித் தெரிந்தால் ஷோ ஃபார்முலாஸ் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறது. எஸ்கேப் கீக்குக் கீழே இருக்கும் கீயை கன்ட்ரோலோடு சேர்த்து இன்னொருமுறை அழுத்தினால் பழையபடி ஆகும். ஒரு நெடுவரிசை மட்டும் என்றால் அதன் ஃபார்மட் டெக்ஸ்ட் ஆக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. ஏற்கெனவே சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபார்முலா செல்லை யாராவது டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றினால் உடனே எதுவும் கெடாது. மாதக் கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் யாரோ எஃப்2 தட்டி எதையோ பார்த்துவிட்டு என்டர் அடிப்பார், அந்த நொடியில் ஃபார்முலா வெறும் எழுத்தாகிவிடும். ஃபார்மட்டை ஜெனரல் ஆக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு செல்லிலும் எஃப்2, என்டர் அடிக்க வேண்டும். ஆயிரம் செல் என்றால் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஜெனரல் ஆக்கி, டேட்டா டேப்பில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், நேரே ஃபினிஷ் அழுத்துங்கள். ஒரே அடியில் எல்லாம் உயிர்பெறும்.

எண்களே டெக்ஸ்ட்டாக இருப்பது இதைவிட வம்பு. மேலே சொன்ன டி5 செல்லில் 15 என்பது டெக்ஸ்ட்டாக விழுந்திருந்தாலும் பெருக்கல் ஃபார்முலா அதை எண்ணாக மாற்றிக்கொண்டு 21,750 என்று சரியாகவே காட்டும். ஆனால் டி நெடுவரிசையின் மொத்த மூட்டையைக் கூட்டும் சம் ஃபார்முலா அந்த 15ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தொகை சரி, மூட்டைக் கணக்கு தவறு என்று முரண்பட்டு வந்தால் இதுவாகத்தான் இருக்கும். சீரமைப்பு மாற்றப்படாத ஷீட்டில் எண் வலப்பக்கம் ஒட்டும், டெக்ஸ்ட் இடப்பக்கம் ஒட்டும். முதல் சோதனை அதுவே. செல் மூலையில் பச்சை முக்கோணம் வந்தால் அதைக் கிளிக் செய்து கன்வர்ட் டு நம்பர் கொடுக்கலாம். வங்கி இணையதளத்திலிருந்து காப்பி செய்த எண்களில் இதுவும் பலிக்காமல் போவதுண்டு, ஏனென்றால் எண்ணுக்குப் பின்னால் சாதாரண இடைவெளியாக இல்லாத ஒருவகை இடைவெளி, 160ஆம் குறியீட்டு எழுத்து, ஒட்டியிருக்கும். தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷன் அதைத் தொடாது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் திறந்து, ஃபைண்ட் பெட்டியில் ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி நம்பர் பேடில் 0160 தட்டி, ரீப்ளேஸ் பெட்டியைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். நம்பர் பேடு இல்லாத லேப்டாப்பில், செல்லுக்குள் அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து ஃபைண்ட் பெட்டியில் ஒட்டினால் போதும்.

தேதிகள் இதன் இன்னொரு முகம். விண்டோஸின் ரீஜன் அமைப்பு அமெரிக்காவாக இருக்கும் கணினியில், நாள்-மாதம்-ஆண்டு முறையில் உள்ள சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) திறந்தால் 13/04/2025 டெக்ஸ்ட்டாக நிற்கும், 12/04/2025 டிசம்பர் 4 ஆகிவிடும். மாதவாரியாகக் கூட்டும் சம்இஃப்ஸ் ஃபார்முலா எரர் எதுவும் காட்டாமல் தவறான தொகை தரும். இதில் பாதியைச் சரிசெய்து பாதியை விட்டுவிடுவது ஆபத்து. அந்த நெடுவரிசையை அழித்துவிட்டு, டேட்டா டேப்பில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக மறுபடி எடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்ம் கொடுத்து, தேதி நெடுவரிசையின் டைப்பை யூசிங் லோகேல் மூலம் டேட், இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்தால் எல்லாத் தேதியும் சரியாக வரும்.

ஃபார்முலா கணக்கிடுகிறது, ஆனால் தவறான இடத்தைப் பார்க்கிறது என்பது அடுத்த வகை. எஃப்2 முதல் எஃப்31 வரை கூட்டும் ஃபார்முலா எஃப்32இல் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரிசை செருகி எண்ணைத் தட்டினால் சில நேரம் எக்செல் தானே எல்லையை நீட்டிக்கொள்ளும், சில நேரம் நீட்டாது. இதை நம்பிக் கணக்கு வைக்கக்கூடாது. பட்டியலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டி (T எழுத்து, D அல்ல) அழுத்தி டேபிள் ஆக்கிவிட்டு, கூட்டலை அந்த டேபிளின் நெடுவரிசைப் பெயரை வைத்து எழுதுங்கள். பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபங்ஷனில் நெடுவரிசை எண் 3 என்று கையால் எழுதியது, நடுவில் ஒரு நெடுவரிசை செருகினாலும் 3 ஆகவே நிற்கும். விலைக்குப் பதில் எடையைக் கொண்டுவந்து தரும். அதே வேலையைச் செய்யும் புதிய ஃபங்ஷனான எக்ஸ்லுக்கப்பில் (XLOOKUP) இந்தச் சிக்கல் இல்லை.

மற்றவை சுருக்கமாக. செல்லின் நிறத்தை வைத்து எண்ணும் சொந்த ஃபங்ஷன்கள் நிறம் மாறினால் தாமாக ஓடாது, ஏனென்றால் நிற மாற்றத்தை எக்செல் மதிப்பு மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் ஃபார்முலாவே இல்லை. மூலம் மாறினால் ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும், ஃபைல் திறக்கும்போதே புதுப்பிக்கும் வசதி பிவட் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. இன்னொரு ஃபைலைப் பார்க்கும் சம்இஃப், அந்த ஃபைல் மூடியிருந்தால் கணக்கிடும்போது வேல்யூ எரர் தரும். அதே இடத்தில் சம்ப்ராடக்ட் போட்டால் மூடியிருந்தாலும் ஓடும். செல் தன்னையே சார்ந்து சுழன்றால் எக்செல் எச்சரித்துவிட்டு 0 காட்டும். ஆனால் இப்படிச் சுழல்வதை அனுமதிக்கும் இட்டரேட்டிவ் கால்குலேஷனை யாராவது இயக்கி வைத்திருந்தால் எச்சரிக்கை வராது, 100 சுற்று ஓடி ஏதோ ஓர் எண்ணில் நிற்கும். தேவையில்லாதவர்கள் அதை அணைத்தே வைக்கவும். மெயிலில் வந்த ஃபைல் மேலே மஞ்சள் பட்டையோடு திறந்தால் எனேபிள் எடிட்டிங் அழுத்தும்வரை தெரிபவை கடைசியாகச் சேமித்த எண்களே.

கூகுள் ஷீட்ஸில் மேனுவல் முறை என்ற ஒன்றே கிடையாது. ஃபார்முலா நின்றுபோகும் தொல்லையில் பெரும்பங்கு இதனால் காணாமல் போகிறது. பலர் சேர்ந்து எழுதும் வசூல் பட்டியல், இருப்புப் பட்டியலுக்கு இதையே பரிந்துரைப்போம். செல் தன்னையே சுற்றினாலும் ரெஃப் எரர் காட்டி உடனே சொல்லிவிடுகிறது.

ஆனால் வெளியிலிருந்து தகவல் இழுக்கும் இடத்தில் ஷீட்ஸ் பலவீனம். இம்போர்ட்டேட்டா, இம்போர்ட்எக்ஸ்எம்எல், இம்போர்ட்ஹெச்டிஎம்எல் மூன்றும் ஃபைல் திறந்திருக்கும்போது மணிக்கொருமுறைதான் மூலத்தைப் பார்க்கும். கூகுள்ஃபைனான்ஸ் தரும் பங்கு விலை 20 நிமிடம் வரை பின்தங்கலாம். திரையில் தெரியும் விலை எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைச் செல் சொல்வதில்லை. இதுதான் ஷீட்ஸ் மீது எங்கள் முதன்மைக் குறை. இன்னொரு ஷீட்ஸ் ஃபைலிலிருந்து தகவல் எடுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் முதல்முறை ரெஃப் எரர் காட்டினால் பயப்பட வேண்டாம், அந்தச் செல் மீது கர்சரை வைத்து அலோ ஆக்சஸ் கொடுத்தால் போதும். இம்போர்ட்ரேஞ்சை ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகக் கோக்காதீர்கள். ஒவ்வொரு கண்ணியிலும் தாமதம் சேரும்.

ஷீட்ஸுக்கு நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் எழுதிய சொந்த ஃபங்ஷன் பழைய விடையையே தருகிறது என்ற புகாருக்குக் காரணம், கொடுத்த உள்ளீடு மாறாதவரை ஷீட்ஸ் அதை மறுபடி ஓட்டாது என்பதுதான். ஃபங்ஷன் தானாகப் போய் ஒரு செல்லைப் படித்தால் அந்தச் செல் மாறியது ஷீட்ஸுக்குத் தெரியாது. படிக்க வேண்டிய செல்களை உள்ளீடாகவே கொடுங்கள். நவ் ஃபங்ஷனை உள்ளீடாகக் கொடுத்து ஏமாற்ற முடியாது, அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒரு செல்லில் செக்பாக்ஸ் வைத்து அதைக் கூடுதல் உள்ளீடாகச் சேர்த்தால், டிக் போடும்போதெல்லாம் ஃபங்ஷன் புதிதாக ஓடும்.

டுடே ஃபங்ஷன் நேற்றைய தேதியைக் காட்டுகிறதா? ஃபைல் மெனு, செட்டிங்ஸில் டைம் ஜோனைப் பாருங்கள். அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் இருக்கும் ஷீட், அங்கே கோடைக்காலத்தில் நம் பகல் 12.30 வரையும் குளிர்காலத்தில் 1.30 வரையும் நேற்றைய தேதியைத்தான் காட்டும். காலையில் தவறாகவும் மாலையில் சரியாகவும் வரும் நிலுவைநாள் கணக்குக்கு இதுவே காரணம். அதே பெட்டியில் லோகேலை (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) இந்தியா ஆக்கினால் இனி தட்டும் தேதிகள் சரியாக விழும். ஏற்கெனவே புரண்டுபோன தேதிகள் தாமாகத் திரும்பாது. நிமிடத்துக்கு ஒருமுறை நவ் மாற வேண்டும் என்றாலும் இங்கேதான், கால்குலேஷன் பகுதியில் ஆன் சேஞ்ச் அண்ட் எவ்ரி மினிட் தேர்ந்தெடுக்கலாம். பெரிய ஷீட்டில் அது வேகத்தைத் தின்னும்.

லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு மற்ற இரண்டிலும் இல்லாத ஓர் ஆயுதம் இதில் இருக்கிறது. கன்ட்ரோல் + எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் ஃபார்முலாக்கள் பச்சையாகவும் டெக்ஸ்ட் கறுப்பாகவும் மாறும். டெக்ஸ்ட்டாக மாறுவேடம் போட்ட 15 நீல வரிசையின் நடுவே கறுப்பாக நிற்கும். ஃபார்முலாவை அழித்துவிட்டு யாரோ நேரடியாக எண்ணைத் தட்டிய செல், பச்சை நெடுவரிசையில் நீலமாகத் தெரியும். எக்செல்லில் வேலை செய்பவர்கள்கூட, கணக்கு ஒத்துவராத ஃபைலின் ஒரு பிரதியை கால்க்கில் திறந்து இந்தக் கீயை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். இதற்காகவே நிறுவத் தகுந்தது.

கால்க்கின் பொறி ஃபைல் திறக்கும் இடத்தில் இருக்கிறது. எக்செல் 2007க்குப் பிந்தைய ஃபைல்களைத் திறக்கும்போது மறுபடி கணக்கிடாதே என்பதே அதன் இயல்பு அமைப்பு. எக்செல் சேமித்த ஃபைலில் விடைகளும் உள்ளே இருப்பதால் பெரும்பாலும் பாதகமில்லை. பைதான் போன்றவற்றில் எழுதிய நிரல் உருவாக்கித்தரும் ஃபைல்களில் விடைக்குப் பதில் 0 மட்டும் எழுதப்பட்டிருக்கக்கூடும். எக்செல் திறந்தவுடன் கணக்கிட்டுச் சரியாகக் காட்டும். கால்க்கில் மொத்தம் 0 என்று நிற்கும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 உடனடி மருந்து. நிரந்தரத் தீர்வுக்கு டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், ஃபார்முலா என்று போய், ரீகால்குலேஷன் ஆன் ஃபைல் லோட் என்பதை ஆல்வேஸ் ஆக்குங்கள். போனில் மெயிலைத் திறந்து முன்னோட்டமாகப் பார்க்கும்போது மொத்தம் 0 என்று தெரிவதற்கும் இதே காரணம், முன்னோட்டம் எதையும் கணக்கிடுவதில்லை. கால்க்கிலும் தானாகக் கணக்கிடுவதை அணைக்க முடியும், டேட்டா மெனுவில் கால்குலேட், ஆட்டோகால்குலேட் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். செல் தன்னையே சுற்றினால் எரர் 522 வரும்.

தனி ஆளாகக் கனமான கணக்கு வைப்பவருக்கு, கோடு போட்டுக் காட்டும் அந்த வசதியோடு வரும் 365 எக்செல்லையே சொல்வோம். பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் காலையில் முதல் ஃபைல் திறந்ததும் கால்குலேஷன் ஆப்ஷன்ஸை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பலர் கைபடும் ஃபைலுக்கு ஷீட்ஸ். தணிக்கைக்கும் சரிபார்ப்புக்கும் பக்கத்தில் கால்க் இருக்கட்டும்.

மூன்றுக்கும் இடையே ஃபைல் போய்வரும் இடங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்லுக்கப் எக்செல் 2021, அதற்குப் பிந்தைய பதிப்புகள், 365, கூகுள் ஷீட்ஸ், கால்க் 24.8, அதற்குப் பிந்தையவை ஆகியவற்றில்தான் உண்டு. எக்செல் 2019இல் அந்த ஃபைலைத் திறந்தால் ஃபார்முலாவின் முன்னால் பொருள் புரியாத ஒரு முன்னொட்டு சேர்ந்திருக்கும், செல்லில் கடைசியாகச் சேமித்த விடை சரியானது போலவே தெரியும். மூலத்தைத் திருத்தி அது மறுபடி கணக்கிடப்படும்போதுதான் நேம் எரர் வரும். அதுவரை பழைய விலையில் பில் போய்க்கொண்டிருக்கும். பழைய எக்செல் உள்ளவருக்கு அனுப்பும் ஃபைலில் எக்ஸ்லுக்கப்பை எடுத்துவிட்டு இன்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.